தாலியைக் கழற்றிவிட்டு உள்ளே போன அம்மா

எங்களைத் தவிக்க விட்டுப் போன அம்மா வீரகேரளம்புதூரில் பிறந்து, குத்துக்கல்வலசைக்கு வாழ வந்தவர்கள். அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மகளான எனக்கும் அதே வாய்தான்.

அம்மாவின் ஒரே தம்பி, எங்கள் மாமா, கல்லூரியில் படிக்கும்போதே காதுக்குள் யாரோ பேசுவதாகச் சொல்லத் தொடங்கினார்கள். தாத்தாவும் ஆச்சியும் சாஸ்தா கோவிலில் மாமா கையில் இரும்புக் காப்புப் போட்டுவிட்டார்கள். சாரல் காலம் தவறாமல் குற்றால அருவியில் தலையைப் பிடித்து நிறுத்தினார்கள். பெற்றவர்கள் போனபின் அம்மா மாமாவைத் தம்மோடு வைத்துக்கொண்டார்கள்.

மூளையைப் படமெடுத்து மனநோயை ஆராயும் நிலையம் கட்ட டாக்டர்கள் இடம் தேடி வந்தபோது, அம்மா தம் பெயரிலிருந்த தோட்டத்தைக் கொடுத்தார்கள். சொந்தத்தில் ஒரே சண்டை. "பைத்தியக்கார ஆஸ்பத்திரி வந்துட்டா இந்தத் தெருவுல எவன் பொண்ணு எடுப்பான்?" என்று பெரியப்பா குதித்தார்கள். (பெரியப்பா கோபித்துக்கொள்ள வேண்டாம். நடந்ததைத்தான் எழுதுகிறேன்.)

"எம் மக கல்யாணத்தன்னைக்கு இவனை ரூமுக்குள்ள பூட்டி வச்சோமே அத்தான், மறந்து போச்சா? அந்தப் பாவம் ஒண்ணு போதும்" என்றார்கள் அம்மா. அது என் கல்யாணம்.

நிலையம் திறந்ததும் மாமாவைக் கூட்டிப்போனோம். அந்த மெஷின் பெரிய காந்தம். உடம்பில் இரும்போ நகையோ இருக்கக்கூடாதாம். மாமா காப்பைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இதைக் கழட்டுனா நம்ம வீட்டுல யாருக்காவது ஏதாவது ஆயிரும்க்கா."

அம்மா கழுத்துத் தாலிக்கொடியைத் தொட்டுக் காட்டினார்கள். "எனக்கும் அந்தப் பயம்தாம்லே. நீ அதைக் கழட்டு, நான் இதைக் கழட்டுதேன். ரெண்டு பேரும் உள்ள போவோம்."

அப்பாவுக்கு முகமே செத்துவிட்டது. ஆனாலும் எதிர்க்கடைக்குப் போய் மஞ்சள் கயிறு வாங்கிவந்து அம்மா கழுத்தில் கட்டினார்கள். பிறகு கொடியின் கொக்கியையும் அப்பாவே கழற்றினார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த மாமா, மெல்லக் காப்புக் கையை நீட்டினார்கள். படமெடுத்து முடியும்வரை அம்மா மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

படம் எடுத்தால் மட்டும் குணமாகாது, இனி வருகிறவர்களுக்கு வழி தெரியும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். ஆனால் மாமா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

இந்தச் சித்திரையில் அம்மாவின் இதயம் தளர்ந்தது. தென்காசியில் பார்க்காத வைத்தியமில்லை. இரவு பகல் பாராமல் கவனித்த டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் கைகூப்புகிறோம்.

அம்மா கண்மூடியதும், அன்று காப்பைக் கழற்றியதால்தான் இப்படி ஆயிற்று என்று மாமா நினைத்துக்கொள்வார்களோ என்றுதான் எங்களுக்குப் பயம். ஆளைக் காணவில்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போட நாதியில்லையே என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அப்போது மாமா, சுரண்டைக்குப் பஸ்ஸில் போய்த் தாமே எடுத்த பச்சைச் சேலையோடு வாசலில் வந்து நின்றார்கள்.

"தள்ளுங்க. எங்கக்காவுக்குப் பொறந்த வீட்டுக் கோடி வந்திருக்கு."

அன்று எல்லாருக்கும் முன்னால் எழுந்து வழிவிட்ட பெரியப்பாவுக்கு எங்கள் நன்றி.