ஃப்ரிட்ஜில் ஒரு லட்டு

உடம்பிலுள்ள செல் தன் குப்பையை எப்படி அகற்றுகிறது என்று இன்று காலை திருப்பதியில் என் வகுப்பில் பெருமையாகப் பாடம் நடத்தினேன்.

ஒரு புரதம் சரியான வடிவத்தில் மடியாமல் கெட்டுப்போனால், செல் அதன்மேல் சின்னச் சின்ன அடையாளச் சீட்டுகளை வரிசையாக ஒட்டும். சீட்டுகளைப் பார்த்ததும் ஓர் இயந்திரம் அதை உள்ளே இழுத்து நறுக்கிப்போடும். அந்தத் துண்டுகள் புதுப் புரதத்துக்கு உதவும். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

மதியம் ஸ்டாஃப் ரூம் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். யாரோ திருமலையிலிருந்து கொண்டுவந்த லட்டு, பச்சையாகப் பூசணம் பிடித்துக் கிடக்கிறது. டப்பாவின்மேல் 'கெட்டுவிட்டது, எறியவும்' என்று தெலுங்கில் ஒரு சீட்டு. அதன்மேல் ஆங்கிலத்தில் இன்னொன்று.

அட்டெண்டர் முனிரத்தினம் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"சாமி பிரசாதம் மேடம். குப்பைல நான் எப்பிடி போடறது? நீங்களே போடுங்க" என்றார்.

நான் டப்பாவிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"மாட்டுக்கு வைக்கலாமா?" என்று கேட்டேன்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நகரிக்காரி கோகிலா, என்னோடு பாடம் எடுப்பவள், நிமிர்ந்தாள். "பூசணம் புடிச்சத மாடு துன்னுமாக்கா? ஓடுற தண்ணில விடணும். சொர்ணமுகி ஆத்துல தண்ணி வரட்டும், பாத்துக்கலாம்."

அதுவரை யாரும் தெரியாமல் எடுத்துத் தின்றுவிடக் கூடாதே என்று நானும் தமிழில் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

செல்லுக்குப் பக்தி கிடையாது. அதனால் பிழைத்துக்கொள்கிறது.

திருப்பதிக்காரர்களே, உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருப்பது எந்த வருஷத்து லட்டு?