ஒரு ஜெயிப்புக்கு மூன்று நாள் லீவு

லீவு எழுதிக் கொடுத்து, ரயிலேறி வெளியூர் போய், முன்பின் தெரியாத மனிதர்களிடம் அவமானப்பட்டுத் திரும்புவதற்குச் செஸ் போட்டி என்று பெயர். என்னைப் போலக் கடைசிப் பலகையில் உட்கார்ந்து எழுந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

அறுபதுகளில் நான் கடலூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. வீடு செம்மண்டலத்தில். எங்கள் தெருவில் என்னைச் செஸ்ஸில் ஜெயிக்க ஆள் கிடையாது. தெருவில் செஸ் ஆடியவர்களே மொத்தம் மூன்று பேர்தான் என்பது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. வருஷா வருஷம் சிதம்பரத்தில் ஒரு சத்திரத்தில் மூன்று நாள் போட்டி நடக்கும். காலையில் ஒரு ஆட்டம், மத்தியானம் ஒரு ஆட்டம். யாருக்கு யார் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். நான்கு வருஷம் விடாமல் போனேன். ஜெயிப்பு கிடக்கட்டும், ஒரு டிராகூடக் கிடையாது.

லீவு லெட்டர்

ஐந்தாவது வருஷம் லீவு லெட்டரை நீட்டியபோது ஹெட் கிளார்க் தணிகாசலம் அதை வாங்காமல் என் முகத்தையே பார்த்தார். அவருக்குச் செஸ்ஸில் ராஜா எது, யானை எது என்று தெரியாது. ஆனால் என் தோல்விகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். ஆபீஸில் எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் பேசினார்.

“கல்யாணத்துக்குப் போறவன் சாப்ட்டுட்டாவது வரான். நீ எதுக்குய்யா போற? இந்தத் தடவ ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டு வா. இல்லன்னா அடுத்த வருஷம் இந்த லெட்டரத் தூக்கிக்கிட்டு என் பக்கமே வராத!”

பேப்பர் படித்த புரொபசர்

முதல் நாள் காலையில் எனக்கு வாய்த்தவர் ஒரு காலேஜ் புரொபசர். உட்கார்ந்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், ஒரு சிப்பாயை நகர்த்தினார், செய்தித்தாளை விரித்துக்கொண்டார். நான் கால் மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு காயை நகர்த்துவேன். அவர் பேப்பரின் ஓரமாக எட்டிப் பார்ப்பார், சட்டென்று ஒரு காயை வைப்பார், மறுபடியும் பேப்பருக்குள் போய்விடுவார். படித்த மனிதருக்கு இவ்வளவு மரியாதைக் குறைவு ஆகாது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில் மந்திரியைப் பறிகொடுத்தேன். அடுத்த ஐந்தாவது நிமிஷம் ராஜாவும் போனார். புரொபசர் பேப்பரை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும் சார். வீட்ல இருந்தா வரி விளம்பரமெல்லாம் எங்க படிக்க முடியுது?”

கடிகாரத்தின் தலை

தெருவில் ஆடியவனுக்குக் கடிகாரம் ஏது? போட்டியில் ஒரே பெட்டிக்குள் இரண்டு கடிகாரம் வைத்திருப்பார்கள். நாம் காயை நகர்த்திவிட்டு நம் பக்கத்துக் குமிழை அமுக்கினால் நம் நேரம் நிற்கும், எதிராளியின் நேரம் ஓடும். அமுக்க மறந்தால் நம் நேரம்தான் கரையும். மறந்தவனுக்கு நினைவூட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அன்று மத்தியானம் எதிரே இருந்தவர் காடாம்புலியூரில் முந்திரி வியாபாரம் செய்பவர், என்னைவிடச் சின்னவர். பன்னிரண்டாவது நகர்த்தலாக நான் குதிரையை நடு மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். பத்து நிமிஷம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று, அசையவில்லை. ஆள் திணறுகிறார் என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெருந்தன்மையாக வெளியே போய் ஒரு காபி குடித்துவிட்டு வேறு வந்தேன். கடைசியில் நடுவர் வந்து, என் நேரம் முடிந்து நான் தோற்றுப்போனதாகச் சொன்னார். வியாபாரி அப்போதுதான் சோம்பல் முறித்தார்.

“குமிழ அமுக்காம எழுந்து போனீங்களா, உங்க நேரம் வீணாப் போவுதேன்னு நான் ஒரு தூக்கம் போட்டுட்டேன் மாமா.”

வக்கீலின் பாடம்

நம்மை ஜெயிப்பதோடு இந்தப் பெரிய ஆட்டக்காரர்கள் விடுவார்களா? மாட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் காய்களை மறுபடி அடுக்கி, நாம் எப்படியெல்லாம் முட்டாள்தனம் செய்தோம் என்று நாலு பேரைக் கூட்டி வைத்துக் காட்டுவார்கள். இரண்டாம் நாள் என்னை அடித்த வக்கீல் அந்தக் கலையில் மன்னர். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ‘ச்சு’ கொட்டினார். சுற்றி நின்றவர்களும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போலச் ‘ச்சு’ கொட்டினார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அப்படியென்றால் நான் செய்த முதல் தப்பு எதுதான் சார்?” என்று கேட்டேன். அவர் நான் எழுதி வைத்திருந்த ஆட்டக் குறிப்பை வாங்கி, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“மேல உங்க பேர எழுதியிருக்கீங்களே, அங்கேயே ஆரம்பிச்சுடுது.”

எட்டாம் கட்டம்

மூன்றாம் நாள் மத்தியானம் வரை ஐந்து தோல்வி. மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம். சீட்டில் வந்த பெயர் பரங்கிப்பேட்டை காசிம் பாய். பினாங்கில் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர், முந்தின வருஷம் முதல் பரிசு வாங்கியவர். ரயிலில் பார்த்துப் பார்த்து எனக்குப் பழக்கம். என் அடுத்த வருஷ லீவு போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

ஆனால் பாய்க்கு அன்று சாயங்கால பாசஞ்சரைப் பிடிக்கிற அவசரம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆடி ஒரு யானையைச் சும்மா விட்டார். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கிடைத்ததையெல்லாம் வெட்டி வெட்டிக் கடைசியில் கொண்டுவந்து நிறுத்தினேன்: அவரிடம் வெறும் ராஜா, என்னிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். சிப்பாய் எட்டாம் கட்டத்துக்குள் போக ஒரே அடிதான் பாக்கி. அவர் ராஜா தடுக்கவே முடியாத தூரத்தில் இருந்தார். சிப்பாய் மந்திரி ஆனால் ஆட்டம் என்னுடையது. தணிகாசலத்தின் மேஜையில் லெட்டரை விட்டெறிவது போலக்கூட நினைத்துப் பார்த்துவிட்டேன்.

எங்கள் ஊர் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சிப்பாய் கடைசி வரிசையில் எந்தக் காயின் கட்டத்துக்குப் போகிறதோ, அந்தக் காயாகத்தான் மாறும். போட்டிச் சட்டப்படி எங்கே போனாலும் மந்திரியாக்கலாம். சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தது தலைக்கு, கைக்குத் தெரிந்தது இருபது வருஷப் பழக்கம் மட்டும். சிப்பாய் போனது குதிரைக் கட்டத்துக்கு. கை தானாகப் போய், வெட்டுப்பட்டுக் கிடந்த குதிரையை எடுத்து அங்கே வைத்துக் கடிகாரத்தையும் அமுக்கியது. அந்தக் குமிழை மட்டும் மறக்கவில்லை, பாருங்கள்! வைத்தது வைத்ததுதான் என்று நடுவர் சொல்லிவிட்டார். ஒற்றைக் குதிரையை வைத்துக்கொண்டு எந்தக் கொம்பனாலும் ராஜாவை மடக்கி மேட் செய்ய முடியாது. ஆட்டம் டிரா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. பாய் பையை எடுத்துக்கொண்டே என் தோளைத் தட்டினார்.

“நானும் ஊர்ல அப்பிடித்தான் மச்சான் ஆடுறேன். தோத்துட்டேன்னு கை குடுக்க கைய நீட்டுனேன், அல்லாவே, அதுக்குள்ள குதிரைய வெச்சுட்டீங்களே!”

தீர்ப்பு

மறுநாள் காலை ஆபீஸில் நாற்காலிகள் எல்லாம் என் பக்கம் திரும்பியிருந்தன. தணிகாசலம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “ஜெயிச்சியா?” என்றார். டிரா என்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். ஜெயிப்பும் இல்லை, தோல்வியும் இல்லை, ஆளுக்கு அரைப் பாயிண்ட் என்று விளக்கினேன். முந்தின வருஷச் சாம்பியனிடம் எடுத்த அரைப் பாயிண்ட் என்பதையும் இரண்டு தடவை சொன்னேன். அவர் விட்டத்தைப் பார்த்து யோசித்தார். நியாயமான மனிதர் என்று அவருக்கு ஆபீஸில் ஒரு பெயர் உண்டு. அதை அவர் காப்பாற்றியே தீர வேண்டும்.

“அரைப் பாயிண்ட்டுன்னா, அடுத்த வருஷம் மூணு நாளும் அரை நாள் லீவு எடுத்துக்க. காலைல வந்து ஃபைலப் பாரு, மத்தியானம் போயி தோத்துட்டு வா.”

அப்படியே அடுத்த வருஷம் காலை ஆட்டங்கள் மூன்றையும் ஆபீஸில் உட்கார்ந்தபடியே, வராதவன் என்ற கணக்கில் தோற்றேன். என் செஸ் வாழ்க்கையில் யாரும் எனக்குப் பாடம் எடுக்காத ஆட்டங்கள் அவை மூன்றுதான்.