தங்கச்சிக்கு எந்தத் துவக்கு

லண்டன் ஈஸ்ட் ஹாம் கடையொன்றில் முருங்கைக்காயை முறுக்கி முற்றலா பிஞ்சா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற என் தங்கச்சி, சீலைக்கு என்ன நிறத்தில் சட்டை தைப்பது என்று கேட்கிறவள் மாதிரிக் கேட்டாள்.

"அக்கா, நைன் எம்எம் எடுக்கிறதோ, ஃபோர்ட்டி ஃபைவ் எடுக்கிறதோ?"

"என்னத்தை?"

"துவக்கை."

நிறுத்துக்கொண்டிருந்த கடைக்காரரின் கை அப்படியே நின்றது. நான் விலைகூடக் கேட்காமல் முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு, அவளை வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். இந்த ஊரில் மரக்கறி வெட்டக் கத்தி வாங்கப் போனாலே ஆளை மேலும் கீழும் பார்ப்பார்கள். இவள் நடுக்கடையில் நின்று துவக்குக் கதைக்கிறாள்!

அவள் இருப்பது டெக்சாஸில். ஒரு சின்ன ஊரின் பெருந்தெரு ஓரத்தில் பெட்ரோல் பம்போடு ஒரு கடை. கணவர் இறந்த பிறகு தனி ஆளாக நின்று நடத்தி, அந்தக் கடையை இரண்டு மடங்காக்கியவள். போன கோடையில் ஒரு மத்தியானம் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அலுமாரியில் பால் அடுக்கிக்கொண்டிருந்தவளின் பிடரியில் பிஸ்டலை வைத்துக் கல்லாவை வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் விடிய நான் எழும்பினால், இருப்பறையில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு முழுசிக்கொண்டு இருப்பாள்.

நான் அவளைக் கூப்பிட்டது திருப்பி அனுப்புவதற்கில்லை. கடையை வித்துப்போட்டு எங்களோடு இருக்கட்டும் என்பது என் எண்ணம். அவள் வந்ததோ மூச்சு விட்டுவிட்டு, ஒரு துவக்கைத் தெரிவுசெய்துகொண்டு, திரும்பிப் போவதற்கு. இதுதான் எங்களுக்குள் சண்டை. ஒளிவு மறைவில்லாமல் தினமும் நடந்தது.

அன்றைக்கு முருங்கைக்காய்க் குழம்போடு சண்டையும் மேசைக்கு வந்தது. என் வீட்டுக்காரர், ஊரில் யுத்தம் தொடங்கும் முன்பே லண்டனுக்குப் படிக்க வந்தவர். அதனால்தான் அவருக்கு ஆயுத ஞானம் அதிகம்.

"பெரிசா எடும். ஒரு வெடி காணும், ஆள் விழுந்திடுவான்," என்றார்.

தங்கச்சி சோற்றைப் பிசைந்தபடியே சிரித்தாள். "இல்லை அத்தான். ஃபோர்ட்டி ஃபைவ் பெரிய குண்டு, கையை நல்லா உதைக்கும். முதல் வெடி அவனுக்கு, ரெண்டாவது வெடி கூரைக்கு. த்ரீ எய்ட்டி கைப்பைக்குள்ளை வைக்கலாம், சின்னன். ஆனா துவக்குப் பாரமில்லாட்டிக் கையுக்கை துள்ளும். நைன் எம்எம் நடுவிலை. உதையையும் தாங்க ஏலும், எந்தக் கடையிலையும் தோட்டாவும் கிடைக்கும்."

"அப்ப ட்வென்டி டூ?" இவர் விடவில்லை.

"அது பழகுறதுக்கு. உதைக்காது, மலிவு, நாள் முழுக்க வெடிச்சுக் கையைத் திருத்தலாம். ஆனா உயிரைக் காப்பாத்த அதை நம்பாதே எண்டுதான் சொல்லுகினம். எல்லாம் வாசிச்சிட்டன் அத்தான். வெடிச்சுத்தான் பாக்கேல்லை."

கையில் முருங்கைச் சக்கையோடு நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். சின்ன வயதில் சட்டிக்குள் நண்டு அசைந்தால் அழுகிறவள். பிடரியில் இரும்பு வைத்த பிறகு, அந்த இரும்பையே எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டு வந்திருக்கிறாள். கோபம் ஒரு பக்கம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், எனக்கு அவளைப் பார்க்கப் பிரமிப்பாக இருந்தது.

இவரோடு வேலை செய்கிற வெள்ளைக்காரர் ஒருவர், லண்டனின் ஓரத்தில் உள்ள சுடும் கழகம் ஒன்றில் உறுப்பினர். விருந்தாளிகளைக் கூட்டிவரும் நாள் ஒன்று இருக்கிறது, வாருங்கள் என்றார். இந்த நாட்டில் பிஸ்டல் தடை. அங்கே இருப்பது ட்வென்டி டூ ரைபிள்தான். குண்டு அதே பருமன், பழகுகிற குண்டு. தங்கச்சிக்கு அதுவே போதும் என்றாகிவிட்டது. நானும் மறிக்கவில்லை. "சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது. ஒரு வெடிச் சத்தம் கேக்கட்டும், தானா அடங்குவாள்," என்று இவரிடம் சொன்னேன்.

நீளமான கொட்டகை. பொறுப்பாக நின்றவர் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி, குரலில் பள்ளிக்கூட அதிபர். எங்கள் மூவருக்கும் காதுமூடி தந்தார். தேங்காய்ச் சிரட்டை இரண்டைக் கம்பியில் கோர்த்த மாதிரி. சுடும்போது எக்காரணம் கொண்டும் கழற்றக்கூடாது, அதுதான் முதல் விதி என்றார். மாட்டிக்கொண்டு தலையாட்டினோம்.

பக்கத்து வரிசையில் யாரோ சுட்டார்கள்.

என் கை மேலே போனது. நான் அனுப்பவில்லை, அதுவாகப் போனது. வலது காதுமூடியைத் தூக்கிவிட்டுத் தலையை வாசல் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றேன். பார்க்கிறேன், தங்கச்சியும் அப்படியே. அதே வலது காது, அதே சாய்ப்பு, முழங்கால் கொஞ்சம் மடிந்து, பாய்ந்து ஓட ஆயத்தமாக. இவர் மட்டும் இரண்டு கையாலும் காதுமூடியை அமத்திக்கொண்டு சந்தோஷமாக நின்றார்.

"ஸ்டாப்!" அந்தப் பெண்மணியின் குரலுக்குக் கொட்டகை முழுக்க அடங்கியது. எங்களிடம் வந்து, ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டார். கோபமாக இல்லை. நான்தான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். எங்கள் ஊரில் வெடி கேட்டால் யாரும் காதைப் பொத்துவதில்லை. "காதைக் குடுங்கோ பிள்ளையள்," என்பார் அம்மா. கிட்டவா தூரவா, வருகிறதா போகிறதா என்று கேட்டுத்தான் பங்கர்க் குழிக்குள் இறங்குவதா, ஓடுவதா என்று தீர்மானிப்போம். பங்கருக்குள் மட்டும் நாங்கள் இருவரும் முறைபோட்டுக்கொள்வோம். ஒருத்தி மற்றவளின் மடியில் காதைப் பொத்திக்கொண்டு படுத்தால், மற்றவள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

முப்பது வருடத்துக்கு மேலாக லண்டனில் பஸ் பிடித்து, வேலைக்குப் போய், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பெண் நான். என் கை ஒன்றையும் மறக்கவில்லை.

அந்தப் பெண்மணி, மூடாமல் சுட விட முடியாது, வேண்டாம் என்றால் பின்னாலுள்ள கண்ணாடி அறையில் இருந்து பார்க்கலாம், அங்கே காதுமூடி தேவையில்லை என்றார்.

தங்கச்சி என் கையைப் பிடித்தாள். "அக்கா, நீ அங்கை போய் நில். நீ கேட்டுக்கொண்டு நில். நான் மூடுறன்."

போய் நின்றேன். அவள் ரைபிளுக்குப் பின்னால் இருந்து ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். நான் என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவள் இரண்டு காதையும் இறுக்க மூடிக்கொண்டு, கன்னத்தை மரப்பிடியில் வைத்தாள்.

நான் கேட்டேன். கேத்திலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம், வெளியே கார்க் கதவு, யாரோ செருமியது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்டேன். வெடித்தது. அவள் தோள் அசையவில்லை. இன்னொன்று. இன்னொன்று. அந்தப் பங்கருக்குப் பிறகு முதல் தடவையாக என் தங்கச்சி வெடிகளுக்கு நடுவில் ஒன்றையும் கேட்காமல், பின்னால் என்ன நடக்கிறதென்று பாராமல், அசையாமல் இருந்தாள். கடவுளே, எப்படி இருந்தாள்! எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன்.

அவள் குறிவைத்துச் சுட்ட கடதாசியைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஓட்டைகள் எல்லாம் ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடங்கும். "அட கோதாரி! எங்கையடி பழகினனீ?" என்றார் இவர். அந்தப் பெண்மணி தங்கச்சியின் முதுகில் மெல்லத் தட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரே கார் நெரிசல். இவர் முன்னால் ஓட்ட, நாங்கள் இருவரும் பின்னால் இருந்தோம்.

"முடிவெடுத்திட்டன் அக்கா," என்றாள். "நைன் எம்எம் எடுக்கிறன். ட்வென்டி டூவிலை பழகிப்போட்டு அதுக்கு மாறுவன்."

அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஆனா அங்கை நான் காதை மூடிக்கொண்டு நிக்கேக்கை, பின்னாலை ஆரக்கா கேக்கிறது?"

இத்தனை நாளும் நான் காத்திருந்த இடம் இதுதான். போகாதே, கடையை வித்துப்போட்டு இங்கேயே இரு என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. இவரும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், சொல்லும் என்கிற மாதிரி. நான் வாயைத் திறந்தேன்.

"நான் வாறன்," என்றேன்.

"எங்கை?" என்றார் இவர்.

"டெக்சாசுக்கு."

"உமக்கென்ன விசரே? எவ்வளவு நாளைக்கு?"

"அவள் நித்திரை கொள்ளுற வரைக்கும்."

தங்கச்சி என் கையைப் பிடித்தாள். பங்கருக்குள் படுத்த மாதிரியே, அதைத் தன் காதில் பொத்திக்கொண்டு என் மடியில் சாய்ந்தாள்.