பத்து நிமிடக்காரி

"வருதா அண்ணே?"

கதவைக்கூட முழுசாகத் திறக்கமாட்டாள். தலையை மட்டும் நீட்டிக் கேட்பாள். எங்கள் ரத்த வங்கியின் திரையில், எந்தப் பிரிவு எந்த வகை ரத்தம் கேட்கிறது என்ற பட்டியல் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. "வருதும்மா" என்றால் போதும், செருப்புச் சத்தம் தடதடவென்று படியேறிவிடும். லிஃப்டுக்குக் காத்திருக்கும் பழக்கமே கிடையாது.

மருத்துவமனையின் கணினி இணைப்புகள் அவள் பொறுப்பு. கணினிகளை இணைக்கும் பெட்டிகள் மட்டும் நூற்று எண்பத்தாறு. முன்பெல்லாம் ஒரு மாற்றம் என்றால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நுழைந்து கையால் தட்டச்சு செய்வாள். இப்போது அவளே எழுதிய நிரல் அத்தனையையும் ஒரே மூச்சில் மாற்றுகிறது. பத்து நிமிடத்துக்குள் 'சரி' என்று அழுத்தாவிட்டால் எல்லாம் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அந்த இடைவெளியில்தான் இந்த ஓட்டம். திரை நின்றுபோனால் பிரிவுகள் தொலைபேசியில் ரத்தம் கேட்கும் என்பதால், நாங்களும் அதுவரை அதனருகே காதைத் தீட்டிக்கொண்டு இருப்போம்.

"மெஷின் பச்சை விளக்கு காட்டும் அண்ணே. அதை மட்டும் நம்பிட முடியுமா? உக்காந்து வேலை பாக்கிறவங்க வாயால சொல்லணும்."

அதற்காக ஐந்து மாடியா, கால் என்ன இரும்பா என்று நானே திட்டியிருக்கிறேன். ஆனால் காரணம் எனக்கும் தெரியும். கையால் செய்த காலத்தில் ஒருநாள் நூற்று நாற்பதாவது பெட்டியில் ஓர் எண் தப்பிவிட்டது. அறுவை அரங்கம் அவசரமாகக் கேட்ட ரத்தம் எங்கள் திரைக்கு வரவே இல்லை. ஒரு நர்ஸ் சீட்டோடு ஓடி வந்ததால் ஓர் உயிர் பிழைத்தது. அன்று இவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மேலதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னைக்கு சொதப்பினா அந்தப் புரோகிராமை மூட்டை கட்டிடு. பழையபடி கையாலயே பண்ணு."

அன்று பார்த்தா என் திரை வெறுமையாக நிற்க வேண்டும்! "வரலைம்மா" என்றேன்.

அவள் கைபேசி அலறியது. மேலதிகாரிதான். "மத்த இடமெல்லாம் ஓடுது. ஒரு இடம்தானே, அப்புறம் பாத்துக்கலாம். நான் இங்க 'சரி'ன்னு அழுத்திடவா?"

"தொடாதீங்க சார்."

கைபேசியை அணைத்துவிட்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாவது நிமிடம் பட்டியல் திரும்ப ஓடத் தொடங்கியது.

"வருதா அண்ணே?"

"வருதும்மா."

"அப்போ புரோகிராம்லதான் உங்க பெட்டிக்கு ஒரு வரி விட்டுப்போச்சு. சேத்து இன்னொரு தடவை ஓட்டிட்டு வருவேன், இங்கேயே இருங்க." என் பேனாவைப் பிடுங்கி அந்த வரியை உள்ளங்கையில் எழுதினாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.