நம்பர் இல்லாத பாட்டில்

எங்கள் காலேஜ் கெமிஸ்ட்ரி லேபில் உப்புப் பாட்டில்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். எந்த உப்பு என்று சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் ஏழு என்றால் பேரியம் குளோரைடு, பன்னிரண்டு என்றால் லெட் நைட்ரேட் என்று எப்போதோ ஒரு சீனியர் அக்கா எழுதிவைத்த துண்டுச்சீட்டு வருஷாவருஷம் கைமாறி வந்தது. முதலில் விடையை எழுதுவோம், அப்புறம் அதற்குத் தோதாகச் சோதனைகளை நிரப்புவோம். டெஸ்ட் டியூப் நனையாமலே நோட்டில் வெள்ளை வீழ்படிவு வந்துவிடும். என் ரெக்கார்டு நோட்டை மேடம் வகுப்பில் தூக்கிக் காட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, வெட்கங்கெட்ட பெருமை.

அப்பாவுக்குச் சங்கரன்கோவிலில் சின்னதாக ஒரு சாயப்பட்டறை. விசைத்தறிக்காரர்கள் கொடுக்கும் நூலுக்குச் சாயம் போட்டுத் தருவார். நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது பழைய போர்வெல் வற்றி, பட்டறைக்குப் பின்னால் புதிதாக ஒன்று போட்டார். தண்ணீர் பொங்கி வந்த அன்று அவர் சட்டை நனைவதுகூடத் தெரியாமல் நின்றார். மறுநாள் காலையில் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏட்டி, இது சாயத்துக்கு ஆவுமான்னு பாத்துச் சொல்லு. வெளிய குடுத்துப் பாக்கச் சொல்லுதாங்க. வீட்லயே கெமிஸ்ட்ரி படிக்க ஆளு இருக்கும்போது எதுக்கு?"

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உச்சி குளிர்ந்துபோய் பாட்டிலை வாங்கிப் பையில் வைத்தேன்.

தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கும் டைட்ரேஷனைப் போன செமஸ்டரில்தான் செய்திருந்தோம். செய்தோம் என்றால், பக்கத்து மேஜை ரீடிங்கைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதினோம். மதியம் லேபில் யாரும் இல்லாதபோது தனியாக உட்கார்ந்தேன். சிவப்பு நீலமாக மாறும் அந்தச் சொட்டை என் கண்ணால் பிடிக்க முடியவில்லை. மூன்று முறை செய்தேன். மூன்றும் மூன்று ரீடிங். எது சரி என்று யாரைக் கேட்பது? ரெக்கார்டு ராணிக்கு இதுகூடத் தெரியாதா என்பார்களே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எனக்காகவே சொன்னது. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் நம்பர் இல்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நின்றார் அப்பா.

"நல்ல தண்ணிதான?"

விடை அவர் முகத்திலேயே இருந்தது. நான் வழக்கம்போல அதைப் பார்த்து எழுதினேன்.

"நல்ல தண்ணிதாம்ப்பா."

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நெய்ய வேண்டிய நூல் முதலில் வந்தது, மெரூன் கலர். புதுத் தண்ணீரில் சாயம் போட்டுக் காய்ந்ததும் திட்டுத்திட்டாக வெளுத்துக் கிடந்தது. நூல் கொடுத்த தறிக்காரர் பட்டறைக்கே வந்துவிட்டார். காபி கொண்டுபோன நான் வாசலிலேயே நின்றேன்.

"அண்ணாச்சி, தண்ணியிலதான் கோளாறு. ரொம்ப உப்பு."

"தண்ணிய மட்டும் குத்தம் சொல்லாதீங்க," என்றார் அப்பா. அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. "எம்பொண்ணு கெமிஸ்ட்ரி படிக்கா. லேப்ல வச்சுப் பாத்துட்டா. சாயப்பொடிதான் போலி."

இப்போதாவது சொல் என்று மனம் அடித்துக்கொண்டது. உள்ளே போய்க் காபியை நீட்டினேன். தறிக்காரர் என்னைப் பார்த்தார், மறுபேச்சில்லாமல் காபியை வாங்கிக் குடித்தார்.

அன்றைக்கே அப்பா வேறு கடையில் பொடி வாங்கிவந்தார். அடுத்த கட்டு நூலை அதே தண்ணீரில் முக்கினார்.