நெற்றில் பட்டது என்று சொன்னவர்

பாரிஸின் லாச்சப்பலில் செய்தி கேட்க வானொலி போடத் தேவையில்லை, மரக்கறிக் கடைக்குள் நுழைந்தால் போதும். போன கிழமை ஒரு காலை, ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருக் கடையொன்றில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். கல்லாவில் நின்ற தம்பி என்னைக் கண்டதும் குரலைத் தணித்துக்கொண்டு, “அக்கா, உங்கட இடக்கைத் தவம் மோசம் போயிட்டாராம். நித்திரையிலேயே போயிட்டாராம்” என்றார். முருங்கைக்காயைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வெளியே வந்தேன். என்ன வாங்கப் போனேன் என்பதே மறந்துபோயிற்று.

“உங்கட தவம்” என்றார் அந்தத் தம்பி. அவர் எங்கள் ஊர்க்காரருமில்லை, பந்து பார்க்கிறவருமில்லை. அவருக்கு இருந்த தெளிவு எங்கள் கழகத்துக்காரருக்கு இருக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். யாருக்காவது சுட்டால் சுடட்டும்.

அவரை அறியாதவர்களுக்காக ஒரு சொல். எங்கள் ஊர்க்காரர் சேர்ந்து பாரிஸில் நடத்துகிற கரப்பந்தாட்ட, அதுதான் வொலிபோல், கழகத்தின் நட்சத்திரம் தவம் அண்ணை. நீலச்சட்டைக் கழகம் என்றால் அந்தக் காலத்தில் அவர்தான். பிறந்தது வாய்க்காலுக்கு அந்தப்பக்கத்து ஊரில். எங்கள் ஊர் சாந்தி அக்காவைக் கட்டியதால் எங்களுக்கு மாப்பிள்ளை ஆனார், எங்களுக்கு விளையாடினார். அவர் பிறந்த ஊருக்கும் இங்கே ஒரு கழகம் உண்டு, பச்சைச்சட்டை. கோடைகாலத்தில் புறநகர் மைதானத்தில் நீலமும் பச்சையும் மோதினால் லாச்சப்பலில் பாதிக் கடைகளில் சாமான் நிறுக்க ஆள் இருக்காது.

நான் விளையாட்டுப் பார்க்கப் போனவள் அல்ல, கழகத்துக்காக ரோல்ஸ் பொரிக்கப் போனவள். போன முதல் நாளே ஒரு பந்து பறந்து வந்து என் தட்டில் விழுந்தது. ரோல்ஸ் எல்லாம் புல்லில் சிதறிவிட்டன. இடக்கையால் அடித்த அந்த மனிதர் ஓடிவந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் ஒன்றைப் பொறுக்கி, ஊதி, வாயில் போட்டு மென்றுவிட்டு, “தங்கச்சி, உறைப்புக் காணாது” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அகப்பையைத் தூக்கியிருப்பேன். ஆனால் சிரிப்பு முந்திவிட்டது. அடுத்த முறை பச்சை மிளகாயைக் கூட்டித்தான் போட்டேன்.

அன்றிலிருந்து ஒரு ஆட்டமும் தவறவிட்டதில்லை. ஓவர் கேம் என்கிற எங்கள் ஊர்க் கரப்பந்தாட்ட முறையில் ஆட்கள் இடம் மாறுவதில்லை, நெற்றுக்கு, அதாவது நடுவலைக்கு, நிற்கிறவர் கடைசிவரை நெற்றுக்குத்தான். தவம் அண்ணை வலப்பக்க மூலையில் நிற்பார். பார்த்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் போல இருக்கும். பந்து மேலே எழும்பினால்தான் அந்த உடம்புக்குள் இன்னொருவர் இருப்பது தெரியும்.

ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை செய்தார். மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் விடுகிற இடைவேளையை அங்கே கூப்பூர் என்பார்கள். மற்றவர்கள் அந்த நேரத்தில் கால் நீட்டிப் படுப்பார்கள். இவர் மார்க்ஸ் டோர்மோயில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பூங்காவின் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது, “வீட்டை போய்ப் படுக்கலாமே அண்ணை?” என்று கேட்டேன். “படுத்தா எழும்பேலாது தங்கச்சி. அடிச்சா எழும்பலாம்” என்றார்.

எங்கள் ஆதரவாளர்களுக்கெல்லாம் தலைவர் மணியம் அண்ணை. ரூ லூயி-பிளாங்கில் ரெலிபோன் கடை வைத்திருக்கிறார். ஆட்டம் தொடங்கியதும் நான் ரோல்ஸ் பொரிக்கிற தாச்சியின் மூடியைப் பறித்துக்கொண்டு போய் அகப்பையால் அடிக்கத் தொடங்குவார். “மாப்பிளை! போடு மாப்பிளை!” என்று அவர் கத்துகிற கத்தலில் அடுத்த மைதானத்துப் பிரெஞ்சுக்காரர் எட்டிப் பார்ப்பார்கள். தவம் அண்ணை ஒரு பொயின்ற் எடுத்தால் மூடிக்கு இரண்டு அடி கூட விழும்.

ஒரு ஆட்டம் எனக்கு நல்ல நினைவு. தூரத்து ஊர்க் கழகம் ஒன்றுடன் விளையாடி, வெல்லும் நிலையில் இருந்தோம். தவம் அண்ணை அடித்த பந்து உள்ளே விழுந்தது, நடுவரும் எங்களுக்குக் கை காட்டிவிட்டார். அவர் பேசாமல் இடக்கையை உயர்த்திக்கொண்டு நின்றார். நெற்றில் கை பட்டுவிட்டதாம்; பட்டால் பொயின்ற் மற்றப் பக்கத்துக்கு. ஊரில் நடுவர் இல்லாமல் விளையாடிய காலத்தில் எல்லோருக்கும் அந்த வழக்கம் இருந்தது, பட்டவர்தான் கையை உயர்த்த வேண்டும். இங்கே வெற்றிக் கிண்ணமும் நடுவரும் வந்த பிறகு யாருடைய கையும் உயர்வதில்லை. அன்று எல்லோரும் கைதட்டினோம். மணியம் அண்ணை எதிர்க் கழகத்துக்காரரைப் பார்த்து, “எங்கட மாப்பிளை எண்டாச் சும்மாவோ? பாத்துப் பழகுங்கோ!” என்று மூடியில் ஒரு அடி போட்டார்.

பிறகு வந்தது பச்சைக்கு எதிரான இறுதி ஆட்டம். உங்களில் பலர் அன்று அங்கே நின்றவர்கள்தான். கடைசி செற், இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு வந்தன. ஒரு பொயின்ற் எடுத்தால் கிண்ணம் எங்களுக்கு. தவம் அண்ணை எழும்பி அடித்தார், பந்து அவர்களுடைய பின்வரிசையில் விழுந்தது, நடுவர் ஊதினார். நாங்கள் எல்லோரும் மைதானத்துக்குள் ஓடினோம். நான் எண்ணெய்க் கையோடு ஓடினேன். அங்கே போய்ப் பார்த்தால் இந்த மனிதர் இடக்கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். “பட்டது” என்றார் நடுவரிடம். பச்சைக்காரருக்கே நம்ப முடியவில்லை. பொயின்ற் அவர்களுக்குப் போனது. அதோடு எங்களுக்கு ஆட்டம் கலைந்துவிட்டது. கிண்ணமும் அவர்களுக்கே போனது.

மணியம் அண்ணை என் தாச்சி மூடியைத் தூக்கி நிலத்தில் அடித்தார். “பிறந்த ஊருக்குக் குடுத்திட்டான்! வித்துப்போட்டான்!” என்று கத்தினார். அந்தச் சொல் தீப்போலப் பரவியது. மாலைக்குள் ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். ஐயோ, நாக்கு என்ன நாக்கு! தூரத்து ஊர்க்காரருக்குக் கையை உயர்த்தினால் பெருந்தன்மை, பிறந்த ஊர்க்காரருக்கு உயர்த்தினால் துரோகமா? அன்றும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன்.

அன்றும் வழக்கம்போல என் தாச்சியை வான் வண்டியில் ஏற்ற உதவிக்கு வந்தவர் தவம் அண்ணை மட்டும்தான். முகம் வாடியிருந்தது. எனக்கும் கிண்ணம் போன ஆத்திரம்தான். “ஏன் அண்ணை? ஆரும் காணேல்லைத்தானே” என்றேன். தாச்சியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் கண்டனான், தங்கச்சி” என்றார்.

அதற்குப் பிறகு பச்சையுடன் ஆட்டம் என்றால் அவரை வெளியே இருத்தினார்கள். மைதான ஓரத்து வாங்குப் பலகையில் இருந்துகொண்டு பெடியள் கழற்றி எறிந்த மேற்சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருப்பார். பிறகு முழங்கால் விட்டுவிட்டது, விளையாட்டும் நின்றது. ஆனால் ஆட்டம் பார்க்க வருவதை நிறுத்தவில்லை. எப்போதும் எங்கள் பக்கத்தில்தான் நிற்பார். தாச்சி மூடி மட்டும் பிறகு எவர் கையிலும் ஒலிக்கவில்லை.

மணியம் அண்ணை அவரோடு பேச்சை விட்டவர் விட்டவர்தான். இந்த மனிதரோ, ரெலிபோன் கண்ணாடி உடைந்தாலும் சரி, சார்ஜ் ஏறாவிட்டாலும் சரி, வரிசையாக இருக்கிற மற்றக் கடைகளையெல்லாம் தாண்டி அந்தக் கடைக்குத்தான் போவார். “என்ன மணியண்ணை, சுகமோ?” என்று கேட்பார். மணியம் அண்ணை உள்ளே போய்விடுவார், வேலைக்கு நிற்பவர் வந்து பார்ப்பார். ஒருமுறை நானும் அங்கே நின்றேன். வெளியே வந்ததும், “உங்களுக்கு வெக்கமில்லையோ அண்ணை, ஏன் அங்கை போறியள்?” என்று ஏசினேன். “நான் போகாட்டி, பிழை செய்தவன் ஒளிக்கிறான் எண்டெல்லோ நினைப்பார்” என்றார்.

இனி, இந்தக் கிழமைக்கு வருகிறேன். எங்கள் கழகத்தில் விளையாடியவர் இறந்தால் பெட்டியின்மேல் கழகச் சட்டையைப் போர்த்துவது வழக்கம். தவம் அண்ணைக்குப் போர்த்துவதா இல்லையா என்று வட்ஸ்அப் குழுவில் சண்டை. “பச்சைக்காரர் போடட்டும், அவையின்ர ஆள்தானே” என்று ஒருவர் எழுதினார். நான் எழுதியதை இங்கே திரும்ப எழுத முடியாது. கடைசிவரை முடிவு வரவில்லை. மணியம் அண்ணை ஒரு சொல்லும் எழுதவில்லை. நான் வெறுங்கையோடுதான் உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போனேன். எங்கள் மாப்பிள்ளை எங்கள் சட்டை இல்லாமல் போகப்போகிறாரே என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

பச்சைக் கழகத்துக்காரர் எல்லோரும் வந்திருந்தார்கள். முன்னால் போகவில்லை, சுவரோரமாக நின்றார்கள். நான் கேட்டபோது அவர்களில் மூத்தவர், “அவர் உங்கட ஆள் அக்கா. எத்தினை தரம் கூப்பிட்டும் எங்களிட்டை வரேல்லை. நாங்கள் பின்னுக்கு நிக்கிறம்” என்றார்.

பெட்டி மூடுவதற்குச் சற்று முன்னர் மணியம் அண்ணை வந்தார். கையில் ஒரு நீலச்சட்டை, இஸ்திரி போட்டு மடித்தது. பெட்டியருகே போய் அதை விரிக்கப் போனார். சாந்தி அக்கா எழும்பி, “மணியண்ணை, பொறுங்கோ” என்று அவர் கையைப் பிடித்தா. வேண்டாம் என்று தடுக்கப்போகிறா என்றுதான் நினைத்தேன். சாந்தி அக்கா குனிந்து, கணவருடைய கோட்டை ஒரு பக்கம் விலக்கினா. உள்ளே நீலச்சட்டை. பழையது, கழுத்து நைந்தது.

“உங்கட கூட்டம் முடிவெடுக்குமட்டும் நான் பாத்துக்கொண்டிருக்கேலுமோ?” என்றா. “இதை நான் அண்டைக்கே போட்டுவிட்டிட்டன். நீங்கள் கொண்டந்ததை மேலை போடுங்கோ.”

மணியம் அண்ணை சட்டையைப் போர்த்தினார். மூலைகளை இழுத்து நேராக்கினார். பிறகு போகவுமில்லை, அழவுமில்லை. அப்படியே நின்றார். கடைசியில் அவர் இடக்கை மெல்ல மேலே போயிற்று. தவம் அண்ணை நெற்றடியில் உயர்த்துவது போலவே உயர்த்திக்கொண்டு நின்றார்.

“எனக்குப் பட்டது, மாப்பிளை” என்றார்.

சாந்தி அக்கா அப்போதுதான் அழத் தொடங்கினா. நானும்தான்.

தவம் அண்ணையிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது என்ன என்று இந்த நாட்களில் யோசிக்கிறேன். அன்று நெளிந்த தாச்சி மூடி இருக்கிறது. தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று மணியம் அண்ணை கேட்டார், அப்படியே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அடுத்த கோடையில் அதை அவரே அடிக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்கிறேன். நேற்று பாண் ரொட்டிக் கூடையொன்று என் கையிலிருந்து நழுவி நிலத்தில் கொட்டுப்பட்டது. சுற்றிப் பார்த்தேன், ஒருவருமில்லை. பொறுக்கித் திரும்பக் கூடைக்குள் போடக் குனிந்தும்விட்டேன். அந்த நேரம் “நான் கண்டனான், தங்கச்சி” என்ற அந்தக் குரல் கேட்டது. எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டு மேலாளர் அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பிள்ளைகள் சாப்பிட வருகிற நேரத்தில் பாண் இல்லையா என்று அவ எரிந்து விழுந்தா. பிறகு திடீரென்று நிறுத்தி, என்னை ஒரு மாதிரிப் பார்த்து, ஏன் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறாய் என்று கேட்டா.