பைகளுக்குக் காவல் இருந்தவள்

நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது, கல்லூரிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கான வரவேற்புக் குழு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொன்னாலும் கேட்டு வாங்கியது நான்தான். நாலு பேரை அங்கே போ, இங்கே வா என்று ஏவுவதில் எனக்கு அப்போதே ருசி உண்டு. ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி என்று எங்கெங்கிருந்தோ பெண்கள் பெட்டியோடு வந்து ஹாஸ்டலில் இறங்குவார்கள். முதல் வாரம் பாதிப் பேர் அழுவார்கள். அவர்களை அழவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று நினைத்தேன். அதில் நல்ல பெயரும் கிடைத்தது.

எங்கள் தென்காசிப் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. சாரல் தொடங்கிவிட்டால் எல்லா வீட்டுக்கும் வெளியூர் உறவுக்காரர்கள் அருவியில் குளிக்க வந்துவிடுவார்கள். வந்தவர்கள் குளிப்பார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் கரையில் உட்கார்ந்து அவர்களுடைய பை, செருப்பு, செல்போன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். நாம் எப்போது வேண்டுமானாலும் குளிக்கலாம் என்று ஒரு சமாதானம். அப்படிச் சொல்லிச் சொல்லியே சீசன் முழுக்கத் தலை நனையாதவர்கள் எங்கள் தெருவில் ஏகப்பட்ட பேர். இந்தப் பழக்கத்தை யோசிக்காமல் கல்லூரிக்குள்ளும் கொண்டுவந்துவிட்டேன்.

அந்த வருஷம் முதலாண்டில் ஒரு பெண் வடகரையிலிருந்து பஸ்ஸில் வந்துபோனாள். அவளோடு பள்ளியில் படித்தவர்கள் யாரும் இங்கே சேரவில்லை. ஆனாலும் என் கண்ணுக்கு அவள் புதியவளாகவே தெரியவில்லை. பக்கத்து ஊர்க்காரி, பஸ் நேரம் தெரியும், கடைகள் தெரியும், இவளுக்கு என்ன வரவேற்பு? முதல் நாளே கையில் தண்ணீர் ஜக்கைக் கொடுத்து வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஊற்றச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் புதுப் பிள்ளைகளுக்கு ஒரு குழு, வேலை செய்கிறவர்களுக்கு ஒரு குழு என்று இரண்டு வைத்திருந்தேன். அவளை இரண்டாவதில் சேர்த்தேன். முதல் குழுவில் கேலியும் போட்டோவும் பிறந்தநாள் வாழ்த்தும் ஓடிக்கொண்டிருந்தன. அவளுக்கு வந்ததெல்லாம் நாற்காலியை எடுத்துப் போடு, ஜெராக்ஸ் எடுத்து வா என்கிற என் உத்தரவுகள்தான்.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை காலையில் பாதிப் பேரை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனோம். அவளும் மாற்றுத்துணியோடு வந்திருந்தாள். நான் எல்லாப் பைகளையும் அவள் பக்கம் தள்ளிவிட்டு, பார்த்துக்கோ என்று சொல்லிக் குளிக்கப் போய்விட்டேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் குரூப் போட்டோவையும் அவளையே எடுக்கச் சொன்னேன்.

திங்கட்கிழமை என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். டி.சி. வாங்க யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். வீட்டிலிருந்தே அஞ்சல் வழியில் படிக்கப் போகிறாளாம். அடுத்த திங்கட்கிழமை அப்பா வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டாராம். எனக்குச் சுள்ளென்று வந்தது.

"ஏட்டி, ராமநாதபுரத்துப் பிள்ளையே அழுகைய நிறுத்திட்டா. நீ வீட்டுச் சோறு சாப்பிடுத, சொந்த வீட்டுல தூங்குத. உனக்கு என்ன வந்திச்சு?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"எல்லாருக்கும் என்னயத் தெரியும்க்கா. பஸ் எப்ப வரும், ஜெராக்ஸ் கடை எங்கன இருக்குன்னு தேடி வந்து கேக்குதாங்க. கேட்டுட்டுப் போயிருதாங்க. மத்தியானம் டிபன் டப்பாவத் தொறக்கும்போது பக்கத்துல ஒருத்தரும் இல்ல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் பெயர் என்ன என்று யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. என் போனில் 'வடகரை' என்றுதான் பதிந்து வைத்திருந்தேன். அவளிடமே கேட்டேன், சொன்னாள். மன்னிப்புக் கேட்டுப் பழகியவள் இல்லை நான். சனிக்கிழமை மிச்சப் பேர் அருவிக்குப் போகிறார்கள், நீயும் வா, அதற்கு அப்புறம் உன் இஷ்டம் என்று மட்டும் சொன்னேன். அங்கேயே நின்று அவளைப் புதுப் பிள்ளைகள் குழுவில் சேர்த்தேன். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சனிக்கிழமை நல்ல தண்ணீர். வேனை விட்டு இறங்கியதுமே அவள் பைகளை ஒன்றாகச் சேர்த்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள். தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். எந்திரி, போய்க் குளி, இன்றைக்கு நான் இருக்கிறேன் என்று நான் போட்ட சத்தத்தில், எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதும் தயங்கி நின்றாள். தூத்துக்குடிப் பெண் ஒருத்தி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தனியாகப் போக அந்தப் பெண்ணுக்குப் பயமாம்.

நான் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சோப்பு எடுத்துக் கொடுங்க, மணி என்ன, ஊக்கு இருக்கா. கேட்டதை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருத்திகூடப் பக்கத்தில் உட்காரவில்லை. மோசமான பிள்ளைகள் கிடையாது, எல்லாம் தங்கமான பிள்ளைகள். போன வாரம் நானும் இப்படித்தானே ஓடினேன். திங்கட்கிழமை அவள் அப்பா வந்துவிடுவாரே என்று அருவிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்து நாலு பேராகச் சேர்ந்து வந்தார்கள், பல் தந்தியடிக்க, உதடெல்லாம் நீலம் பாரித்து. நடுவில் அவள். தூத்துக்குடிப் பெண் மெஸ் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

"திங்கக்கிழமை உளுந்தஞ்சோறு கொண்டுவாரேன். மெஸ்ஸுக்குப் போயிராத, என்ன?" என்றாள் இவள்.

சொல்லிக்கொண்டே என் பக்கம் கையை மட்டும் நீட்டி, அந்த நீலப் பையை எடுங்கக்கா என்றாள். கொடுத்தேன். வாங்கியவள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பேசியபடியே துணி மாற்றப் போய்விட்டாள். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு ஈரச் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து, அவள் போவதையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.